கத்தி படுமுன் கையில் கொடுங்கள்

"நோயாளிகிட்ட எல்லாத்தையும் வெவரமா சொல்லக் கூடாதுங்க, பயந்துடுவாங்க." தோல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை என்று பேச்செடுத்தால் நெய்வேலியிலும் சரி, சுற்றியுள்ள மந்தாரக்குப்பம், வடலூர், பண்ருட்டி, விருத்தாசலத்திலும் சரி, முதலில் வந்து நிற்பது இந்தச் சொல்தான். மருத்துவர்கள் சொல்கிறார்கள், செவிலியர்கள் சொல்கிறார்கள். நோயாளியின் மகனும் மருமகளும் அதைவிட அழுத்தமாகச் சொல்கிறார்கள். "அம்மாகிட்ட கட்டின்னு மட்டும் சொல்லுங்க டாக்டர்." ஸ்பாஞ்சிலும் துணியிலும் ஒரு தோல் மாடல் செய்து, எங்கே வெட்டுவோம், எவ்வளவு ஆழம் போவோம், எப்படித் தைப்போம் என்று நோயாளியின் கையிலேயே கொடுத்து விளக்கலாமே என்று கேட்டால் அதற்கும் பதில் தயாராக இருக்கிறது. பொம்மை காட்டி விளக்க இது என்ன பால்வாடியா? படிக்காத சனத்துக்கு இதெல்லாம் புரியுமா? ஓ.பி.யில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தீர்களா? நம்ம தோலுக்கு இந்த நோயே அபூர்வம்தானே?

தவறு என்று மென்மையாகச் சொல்லி நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை. இந்தப் பதில்கள் நோயாளிக்குக் கேடு செய்கின்றன. தன் முகத்தில், தன் காலில் என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் ஒரு மனிதரை மேசையில் படுக்கவைக்கிற வழக்கத்துக்கு இவை துணைபோகின்றன. வாயால் சொன்னது போதாது. கையால் தொட்டுப் பார்த்து விளங்கிக்கொண்ட பிறகு போடும் கையெழுத்துதான் சம்மதம். இதுதான் என் வாதம்.

முதலில் அந்தப் பயத்தையே எடுத்துக்கொள்வோம். மருத்துவர் எதுவும் சொல்லாவிட்டால் நோயாளியின் மனம் வெறுமையாக இருந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு விளக்கம் உட்கார்ந்திருக்கிறது. "கத்தி வெச்சா பரவிடும்." கடலூர் மாவட்டத்தில் எந்த ஊர்த் திண்ணையிலும் இதைக் கேட்கலாம். ஊரில் யாருக்கோ ஒரு கட்டியை எடுத்தார்கள், ஆறு மாதத்தில் திரும்பி வந்தது, இரண்டு வருடத்தில் ஆளே போய்விட்டார் என்று ஒரு கதையும் கூடவே வரும். அந்தக் கதையை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். காரணத்தைத்தான் மாற்றிச் சொல்கிறார்கள். புற்று கண்ணுக்குத் தெரிகிற இடத்தோடு நிற்பதில்லை. தோலுக்கு அடியில் பக்கவாட்டிலும் ஆழத்திலும் மெல்லிய கிளைகளாக ஓடியிருக்கும். தெரிந்த மேட்டை மட்டும் சீவி எடுத்தால், உள்ளே விட்டது மறுபடி தழைக்கும். கத்தி பரப்பவில்லை. கத்தி போதுமான தூரம் போகவில்லை.

இந்த ஒரு வரியை வாயால் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் தலையாட்டுவார், நம்பமாட்டார். "புண்ணு ஒரு பட்டாணி அளவுதான் இருக்கு, எதுக்கு இவ்ளோ பெருசா வெட்டணும்னு சொல்றாங்க, ஏதோ மறைக்கிறாங்க" என்று வெளியே வந்து வீட்டாரிடம் சொல்வார். மாடல் என்று நான் கேட்பது இந்த இடத்துக்காகத்தான்.

அந்த மாடல் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மந்தாரக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தையல்காரப் பெண்ணோடு உட்கார்ந்து ஒன்று செய்து பார்த்தோம். அடியில் மெரூன் நிறக் கம்பளித் துண்டு, அது தசை. அதன்மேல் மெத்தைக்குப் போடுகிற மஞ்சள் ஸ்பாஞ்ச் இரண்டு அங்குலம். கொழுப்பும் கிட்டத்தட்ட அந்த நிறம்தான். அதன்மேல் இழுத்தால் நீளுகிற பழுப்பு நிறத் துணி, ஃபெவிகால் போட்டு ஒட்டியது, அது தோல். நடுவில் கருப்பு மெழுகில் ஒரு பட்டாணி அளவு மேடு. மேட்டுக்கு அடியிலிருந்து கருப்பு நூல்கள் நான்கைந்து ஸ்பாஞ்சுக்குள் இறங்குகின்றன. ஒன்று மட்டும் துணிக்கு அடியிலேயே பக்கவாட்டில் ஓடுகிறது, மேலே இருந்து பார்த்தால் தெரியாது. மெழுகை நகத்தால் பிடித்து எடுங்கள், நூல்கள் உள்ளேயே அறுந்து நிற்கும். ஸ்பாஞ்சைப் பிளந்து பார்த்தால் தெரியும். பார்ப்பவர் முகம் அந்த நொடியில் மாறும். கத்தி பட்டால் பரவும் என்கிற கதைக்கு அவர் கையிலேயே பதில் கிடைத்துவிடுகிறது.

அடுத்தது தழும்பின் நீளம். அறுவை முடிந்து கட்டுப் பிரிக்கிற அன்று நோயாளிகள் அதிர்ந்துபோவது பெரும்பாலும் இதற்காகத்தான். பேசல் செல் புற்று என்னும் தோல் புற்றில் அபாயம் குறைந்த வகைக்குச் சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலையும் சேர்த்து எடுப்பது வழக்கம். புண் 10 மில்லிமீட்டர் என்றால், இரண்டு பக்கமும் சேர்த்து அகலம் 18 ஆகிறது. வட்டமாக வெட்டி இழுத்துத் தைத்தால் இரண்டு முனையிலும் தோல் கொசுவம் கொசுவமாக மேடு தட்டும். அதனால் அகலத்தைப்போல் மூன்று மடங்கு நீளத்தில் இலை வடிவில் வெட்டுகிறார்கள். ஆக 54 மில்லிமீட்டர், ஐந்தரை சென்டிமீட்டருக்கு அருகில். ஒரு சென்டிமீட்டர் புண்ணுக்கு ஐந்தரை சென்டிமீட்டர் தழும்பு. இதைக் கணக்காகச் சொன்னால் யாருக்கு ஏறும்? துணியில் வட்டமாக ஒன்றும் இலை வடிவில் ஒன்றும் வெட்டி, இரண்டையும் ஊசி நூலால் இழுத்துக் காட்டினால் இரண்டு நிமிடத்தில் ஏறிவிடும். அந்தத் தையல்காரப் பெண், "ஜாக்கெட்டுக்கு டாட் புடிக்கிற மாதிரிதான். முனையை நீட்டிக் கொண்டுபோகலன்னா கூம்பிக்கிட்டு நிக்கும்" என்று தானே சொன்னார். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

படிக்காதவர்களுக்குப் புரியாது என்று சொல்கிறவர்கள் இந்த வட்டாரத்து மனிதர்களின் கைகளைப் பார்த்ததில்லை. இங்கே பெண்கள் முந்திரிப் பருப்பைத் தொட்டே தரம் பிரிக்கிறார்கள். ஆண்கள் சுரங்கக் கன்வேயர் பெல்ட்டில் எங்கே பழுது என்று சத்தத்தை வைத்தே சொல்கிறார்கள். தொழில்சார் பயிற்சி பெறாத ஒருவரைச் சுரங்க வேலையில் இறக்கக் கூடாது என்று 1966ஆம் ஆண்டுச் சுரங்கப் பயிற்சி விதிகள் சொல்கின்றன. அந்தப் பயிற்சி எடுத்து, பொருளைக் கண்ணால் பார்த்து, கையால் பிடித்து வேலை கற்றுக்கொண்ட அதே தொழிலாளி, தன் முதுகுத் தோலை வெட்டப்போகிறார்கள் என்கிறபோது மட்டும் புத்தியில்லாதவர் ஆகிவிடுகிறாரா? அவருக்குப் புரியாமல் போவது ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்கப் படிவம். அதைப் பெருமாள் கோயில் பட்டாச்சாரியாரிடம் கொடுத்தாலும், வாத்தியாரிடம் கொடுத்தாலும் புரியாது.

பொம்மை என்று ஏளனம் செய்கிறவர்களுக்கு நம் மாநிலத்தின் நினைவு கொஞ்சம் இருந்தால் போதும். 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கிய பிறகு, மரத்தால் செய்த மாடலை வைத்துக்கொண்டு ஆணுறை எப்படிப் போடுவது என்று லாரி நிறுத்தங்களில்கூடக் காட்டினார்கள். ஊர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, ஆனால் கற்றுக்கொண்டது. காப்பர்-டி எங்கே உட்காரும் என்று கருப்பை மாடலை வைத்துச் செவிலியர்கள் பெண்களுக்கு விளக்குகிறார்கள். மார்பகப் புற்றுநோய் முகாம்களில் உள்ளே கட்டி வைத்த சிலிக்கான் மார்பைத் தடவிப் பார்க்கச் சொல்கிறார்கள். அவற்றையெல்லாம் யாரும் விளையாட்டு என்று சொல்லவில்லை. தோலுக்கு வரும்போது மட்டும் ஏன் விளையாட்டாகிறது?

இன்னும் நேரடியான உதாரணம் மதுரையில் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில், கண்புரை அறுவைக்கு முன்னால் ஆலோசகர் ஒருவர் நோயாளியை உட்காரவைத்து, கண் மாடலைத் திறந்து காட்டி, எந்த லென்ஸை எடுத்து எந்த லென்ஸை வைப்பார்கள் என்று விளக்குகிறார். அந்த ஆலோசகர்கள் டாக்டர்கள் அல்ல. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து அந்த மருத்துவமனையே பயிற்சி கொடுத்து உருவாக்குகிறது. 2003 முதல் புதுச்சேரியிலும் அரவிந்த் இயங்குகிறது. நம் பக்கத்துப் பாட்டிகள் அங்கே போய்க் கண் ஆபரேஷன் செய்துகொண்டு வருகிறார்கள். கேட்டுப் பாருங்கள், உள்ளே என்ன நடந்தது என்று ஒரு குமிழை உருட்டிக் காட்டுவதுபோல் விரலை மடக்கிச் சொல்வார்கள். கூட்டம் இருக்கிறது, நேரமில்லை என்கிற வாதத்துக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டுமா? நாட்டிலேயே அதிகக் கூட்டம் கூடுகிற கண் மருத்துவமனைகளில் ஒன்றுதான் மாடலை வைத்து விளக்குகிறது. நேரமில்லாதவர் அறுவை மருத்துவர். விளக்க வேண்டியவர் அவரேதான் என்று யார் சொன்னது?

கூட்டத்தைப் பற்றிய புகாரை நான் அலட்சியம் செய்யவில்லை. அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காலை ஒன்பது மணிக்கு வரிசை படிக்கட்டுவரை நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். படர்தாமரை, சொறி, தேமல், வெண்புள்ளி என்று வருகிற அந்தக் கூட்டத்துக்கெல்லாம் மாடல் வேண்டாம். பயாப்ஸி முடிவு வந்து, அறுவைக்குத் தேதி குறித்த நோயாளிகளுக்கு மட்டும் போதும். அவர்கள் வாரத்துக்கு எத்தனை பேர்? நோய் அபூர்வம் என்று ஒரு வாயால் சொல்லிவிட்டு, விளக்க நேரமில்லை என்று இன்னொரு வாயால் சொல்வது பொருந்தவில்லை.

அந்த அபூர்வம் என்கிற பேச்சையும் விட்டுவைக்கக் கூடாது. இந்தியாவில் பதிவாகும் புற்றுநோய்களில் தோல் புற்று சிறு பங்குதான். கருத்த தோலில் உள்ள மெலனின் வெயிலிலிருந்து ஓரளவு காக்கிறது, உண்மை. ஆனால் நமக்கு வருகிற தோல் புற்றுகளில் பல வெயிலைக் காரணமாகக் கொண்டவை அல்ல. உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வருகிற மெலனோமா கருத்த தோலையும் விடுவதில்லை. ஜமைக்காவின் பாப் மார்லி கால்விரல் நகத்தடியில் வந்த மெலனோமாவால்தான் 1981இல் 36 வயதில் இறந்தார். முதலில் அதைக் கால்பந்தில் பட்ட அடி என்று நினைத்திருந்தார்கள். பாவாடை நாடா இறுகிய இடுப்பில் பல்லாண்டு உராய்வால் வருகிற புற்றையும், வேட்டி இறுக்கிய இடத்தில் வருவதையும், காஷ்மீரில் காங்கடி என்னும் கணப்புச் சட்டியை வயிற்றோடு அணைப்பதால் வருவதையும் இந்திய மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தொழுநோயால் உணர்ச்சியற்ற பாதத்தில் பல வருடம் ஆறாமல் கிடக்கும் புண்ணும் சில சமயம் புற்றாகிறது.

எல்லாவற்றையும்விட நெய்வேலி தெரிந்துகொள்ள வேண்டியது தீக்காயத் தழும்பைப் பற்றி. பழைய தீக்காயத் தழும்பில் வருகிற புற்றை மார்ஜோலின் புண் என்கிறார்கள். 1828இல் ஆறாப் புண்களைப் பற்றி எழுதிய பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. நூறு தழும்பில் ஒன்றிரண்டுதான் இப்படி மாறுகிறது, அதுவும் சராசரியாக 30 ஆண்டுகள் கழித்து. ஆனால் கொதிகலனும் நீராவிக் குழாயும் உள்ள ஊர் இது. 2020இல் மே மாதத்திலும் ஜூலை 1 அன்றும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்து தொழிலாளர்கள் கருகி இறந்ததையும், பலர் தீக்காயங்களோடு கிடந்ததையும் ஊர் மறக்கவில்லை. அதற்கு முன்னாலும் மண்ணெண்ணெய் அடுப்பு, திரி விளக்கு, வெந்நீர் அண்டா என்று எத்தனை வீட்டில் எத்தனை தழும்பு! தழும்பு நடுவே திடீரென ஒரு புண் வந்து ஆறாமல் கிடந்தால், "பழைய காயம்தானே, உராஞ்சிருக்கும்" என்று மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். முந்திரிக் கொட்டை உடைக்கிற பெண்கள் கையில் வருகிற எந்தப் புண்ணையும் கொட்டைப்பால் பட்டது என்றே கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அபூர்வம் என்று திரும்பத் திரும்பச் சொல்வதால்தான் முற்றிய பிறகு வருகிறார்கள். முற்றி வந்தவருக்கு வெட்டும் பெரிது. வெட்டு பெரிதாகப் பெரிதாக விளக்கமும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

எங்கள் பெரியம்மாவுக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். மூக்கின் ஓரத்தில் கருப்பாக, பளபளவென்று மிளகு அளவில் ஒன்று வந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், கொஞ்சம் ரத்தம் கசியும், மறுபடி பொருக்குத் தட்டும். மச்சம் என்று சில வருடம் போனது. பிறகு ஒரு நகரத்து மருத்துவமனையில் பேசல் செல் புற்று என்று கண்டுபிடித்தார்கள். அண்ணனைத் தனியே கூப்பிட்டு ஏதோ ஃபிளாப் என்று சொன்னார்கள். பெரியம்மாவிடம் சொன்னது, "சின்னக் கட்டிம்மா, எடுத்துட்டு சதை வெச்சுத் தெச்சுடுவோம்" என்பது மட்டும். மூக்கில் பள்ளமான பெரிய புண் என்றால் நெற்றித் தோலை நாக்குப் போல் நீளமாக வெட்டி, புருவத்தருகே ரத்தக்குழாயோடு ஒட்டியபடியே விட்டு, முறுக்கிக் கீழே இறக்கி மூக்கில் தைப்பார்கள். புதிய இடத்தில் ரத்தம் ஊறிப் பிடிக்க ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அதுவரை புருவத்திலிருந்து மூக்குவரை ஒரு தோல் தண்டு தொங்கிக்கொண்டிருக்கும். பிறகு இரண்டாவது ஆபரேஷனில் அதை வெட்டிவிடுவார்கள். பெரியம்மாவுக்கு இது எதுவும் தெரியாது. கட்டு மாற்றிய அன்று குளியலறைக் கண்ணாடியில் பார்த்தார். தப்பாகத் தைத்துவிட்டார்கள், அதை மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார். முந்தானையால் முகத்தை மூடியவர் யாரிடமும் பேசவில்லை. இரண்டாவது ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்றார். வீடே கூடிக் கெஞ்ச வேண்டியிருந்தது. அறுவை மிக நன்றாகச் செய்யப்பட்டிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும், இன்று மூக்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. "மூணு வாரத்துக்குத்தான்னு ஒருத்தர் காட்டியிருந்தா, நாளை எண்ணிக்கிட்டு உக்காந்திருப்பேனே" என்று பெரியம்மா இன்னும் சொல்கிறார்.

இந்த நெற்றித்தோல் முறை நம் நாட்டிலிருந்து உலகத்துக்குப் போனது. ஆங்கிலேயப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்பவரை, 1792 போரில் திப்புவின் ஆட்கள் பிடித்து மூக்கை அறுத்துவிட்டார்கள். புனே அருகே நாட்டு வைத்தியர் ஒருவர் நெற்றித் தோலால் அவருக்கு மூக்கு செய்துகொடுத்ததை 1794 அக்டோபரில் லண்டன் ஜென்டில்மேன்ஸ் மேகசின் படத்தோடு வெளியிட்டது. அதைப் படித்த அறுவை மருத்துவர் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே அறுவையைச் செய்தார். அந்த வைத்தியர் செய்த முதல் வேலை என்ன தெரியுமா? மெல்லிய மெழுகுத் தகட்டை அறுபட்ட மூக்கின்மேல் பொருத்தி மூக்குப் போல் வடித்தார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்து, அந்த அளவுக்குத் தோலை வரைந்தார். அளவெடுக்க வைத்த மாடல் அது, விளக்கம் சொல்ல வைத்ததல்ல. ஆனாலும் மெழுகை மூக்கில் வைத்து நெற்றிக்கு மாற்றும்போது, அங்கிருந்து இங்கே வரப்போகிறது என்பது எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு விளங்காமலா போயிருக்கும்? பாரிஸ் செயின்ட் லூயி மருத்துவமனையில் ஜூல் பாரெட்டா போன்றவர்கள் மெழுகில் வடித்த தோல்நோய் உருவங்கள் நாலாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. அவை மாணவர்களுக்காகச் செய்தவை. மருத்துவம் கற்பவருக்கு மாடல் வேண்டும் என்பதை இரு நூற்றாண்டாக ஒருவரும் மறுக்கவில்லை. சொந்த மூக்கைக் கொடுக்கிறவருக்கு என்றால்தான் தயக்கம்.

செல்போனில் வீடியோ அனுப்பிவிடலாமே என்கிறார்கள். பார்த்திருக்கிறேன். வேறு யாரோ ஒருவரின் வெள்ளைத் தோல், சிவந்த சதை, ரத்தம், ஆங்கிலக் குரல். அதைப் பார்த்துப் பயப்படாதவர் உண்டா? மாடலில் ரத்தம் இல்லை. நிறுத்தலாம், திருப்பலாம், மறுபடி முதலிலிருந்து செய்யலாம். கண் மங்கிய முதியவர் விரலால் தடவியே ஆழத்தை அறிந்துகொள்வார். வெளிநாட்டிலிருந்து வரும் இளஞ்சிவப்புத் தோல் மாடல்களையும் நான் ஏற்கவில்லை. நம் தோலில் பேசல் செல் புற்று பெரும்பாலும் கருநிறமாகத்தான் வருகிறது. அதனால்தான் மச்சம் என்று ஏமாறுகிறோம். தழும்பும் நமக்குக் கருத்துத் தடிக்கக்கூடும், சிலருக்குக் கீலாய்டாக மேடிடும். பழுப்புத் துணியில், கருப்பு மெழுகில், தடித்த தழும்போடு செய்த மாடல்தான் நமக்கு உண்மை பேசும். முப்பரிமாண அச்சு இயந்திரம் வந்த பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கத் தேவையே இல்லை. தையல் கடையில் மிஞ்சும் துணியும் மெத்தைக் கடை ஸ்பாஞ்சும் போதும்.

மகன் கையெழுத்துப் போட்டாயிற்று, பிறகென்ன என்பவர்களுக்குச் சட்டத்தையும் நினைவூட்ட வேண்டும். சமீரா கோலி வழக்கில் 2008 ஜனவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சோதனைக்காக மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த 44 வயதுப் பெண்ணின் கருப்பையை, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கி எடுத்துவிட்டார்கள். நினைவு திரும்பக்கூடிய, வயது வந்த நோயாளி இருக்கும்போது தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். சிகிச்சை என்ன, எதற்கு, என்ன பலன், வேறு வழி உண்டா, பெரிய ஆபத்துகள் என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்றும் வரையறுத்தது. அறுபது வயதுப் பெரியவரை ஒதுக்கிவிட்டு மகனைத் தனியறைக்கு அழைக்கிற பழக்கம் அன்பால் வருவது என்பதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வெட்டுப்படுவது மகனின் முகம் அல்ல.

மாடல் பயத்தைப் போக்கிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். புற்று என்றால் பயம் இருக்கத்தான் செய்யும். ஐந்தரை சென்டிமீட்டர் தழும்புக்கு ஐந்தரை சென்டிமீட்டர் பயம் இருக்கட்டும். முகமே போய்விடும் என்கிற பயம் வேண்டாம். மாடலால் வலியைக் காட்ட முடியாது. பேத்தாலஜி ஆய்வறையிலிருந்து அறிக்கை வந்து, ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கிறது, இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று சொல்ல நேரலாம். அதை வாயால்தான் எச்சரிக்க வேண்டும். மோஸ் முறையில், அதாவது 1930களில் விஸ்கான்சினில் ஃபிரெடரிக் மோஸ் தொடங்கிவைத்த முறையில், ஒரு படலம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, மிச்சம் இருக்கிற பக்கம் மட்டும் அடுத்த படலம் எடுப்பார்கள். புண் திறந்தபடி நோயாளி நடுவே காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பின் அலுப்பும் ஸ்பாஞ்சில் தெரியாது. ஆனால் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது தெரியும்.

ஒரு முறை காட்டிவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினாலும் பயனில்லை. மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 விழுக்காடு நோயாளிக்கு உடனே மறந்துபோகிறது என்று நெதர்லாந்து உளவியலாளர் ராய் கெசல்ஸ் 2003இல் எழுதினார். அதனால் விளக்கி முடித்ததும் மாடலை நோயாளியின் மடியில் வைத்து, "இப்ப நீங்க எனக்குக் காட்டுங்கம்மா, எங்க வெட்டுவாங்க?" என்று கேட்க வேண்டும். மெழுகை மட்டும் தொட்டுக் காட்டினால் இன்னும் புரியவில்லை என்று பொருள். சுற்றிலும் விரலால் கோடு இழுத்து, "இதோட சேத்து, அடியிலயும்" என்று சொன்னால் புரிந்துவிட்டது. படிவத்தில் நூறு கையெழுத்து வாங்கினாலும் இந்த ஒரு விரல் சொல்வதைத் தெரிந்துகொள்ள முடியாது.

நெய்வேலியில் இதைத் தொடங்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். நகரியத்தில் மருத்துவமனை இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருக்கின்றன. பெரிய அறுவைக்குப் புதுச்சேரி ஜிப்மருக்கோ, 1954 முதல் இயங்குகிற அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறவர்கள் முதலில் நுழைவது இந்த உள்ளூர்க் கதவுகளில்தான். அனுப்பிவைக்கும் சீட்டு எழுதுகிற நாளிலேயே மாடலைக் காட்டிவிடலாம். வழிப்பயணத்திலேயே சிலர் மனம் மாறி நாட்டு மருந்துக்குத் திரும்பிவிடுவதை அது தடுக்கும். மூன்று மாடல்கள் போதும்: நூல் வேர் உள்ளது ஒன்று, இலை வடிவில் தைத்துக் காட்ட ஒன்று, நெற்றித் துணியை டிச் பட்டனில் கழற்றி மூக்குக்கு இறக்குகிற முகம் ஒன்று. நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு வருகிற கூட்டத்தின் நடுவே ஒரு மேசை போட்டு, நெருப்போடு வேலை பார்க்கிற குடும்பங்கள் இதைத் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். தழும்பில் ஆறாத புண் இருக்கிறவர் அங்கேயே நின்று கேள்வி கேட்பார்.

சம்மதப் படிவத்திலும் தமிழில் ஒரு வரி கூடட்டும்: மாடலைக் காட்டி விளக்கினேன், நோயாளி அதைத் திரும்பக் காட்டினார். அந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டியவர் நோயாளி அல்ல, விளக்கியவர்.